எறிதலிலிருந்து தப்பித்த மாணவன்: ஹராய் கோஷி பிறந்த கதை

1/
ஜூடோ கத்துக்கிற பசங்க பல பேர் ஒரு கட்டத்துல கேக்கிற கேள்வி இது. "நான் சரியாத்தான் திரும்பி உள்ள போறேன். இடுப்பும் கொடுக்கிறேன். ஆனா எதிராளி என் இடுப்பைச் சுத்தி நடந்து முன்னாடி வந்து நின்னுடறான். என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்கு வயசு சுமார் 140. ஜூடோவை உருவாக்கின மனுஷனே இதுல மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கார். அவர் கண்டுபிடிச்ச பதில்தான் இன்னைக்கு நாம ஹராய் கோஷின்னு சொல்ற எறிதல். கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா வாங்க.

2/
அவர் பேர் ஜிகோரோ கானோ. 1860-ல பிறந்தவர். உயரம் சுமார் 5 அடி 2 அங்குலம்தான். படிப்புல கெட்டி, உடம்புல நோஞ்சான். பள்ளி விடுதியில பெரிய பசங்க கிட்ட அடி வாங்கி வாங்கித்தான் "சின்ன உடம்புக்காரன் பெரிய உடம்புக்காரனை எப்படிச் சாய்க்கிறது?"ங்கிற கேள்வி அவருக்குள்ள விழுந்தது. ஜப்பானோட பழைய ஜுஜுட்சு கலையைத் தேடிப் போனார்.

3/
டோக்கியோ பல்கலைக்கழகத்துல படிச்சு முடிச்ச மறு வருஷம், 1882-ல, எய்ஷோஜிங்கிற பௌத்த கோவில்ல ஒரு சின்ன இடத்துல தன்னோட பள்ளியை ஆரம்பிச்சார். பேர் கோடோகான். தரையில 12 பாய். தொடக்கத்துல மாணவர்கள் 9 பேர். ஆசிரியருக்கு வயசு 21.

இன்னைக்கு ஒலிம்பிக் வரைக்கும் போயிருக்கிற ஜூடோ, அந்த 12 பாய்ல ஆரம்பிச்சதுதான்.

4/
கானோவுக்குப் பிடிச்ச எறிதல் உகி கோஷி. 'உகி'ன்னா மிதக்கிறது, 'கோஷி'ன்னா இடுப்பு. எதிராளியோட இடுப்பைச் சுத்திக் கையைப் போட்டு, உங்க இடுப்பை லேசா அவன் மேல ஒட்டி, தூக்காமலேயே சட்டுனு முறுக்கினா அவன் உங்க இடுப்பைச் சுத்திக்கிட்டு விழுவான். பலம் குறைவா இருக்கிறவனுக்கு அருமையான எறிதல். கானோ இதை வச்சு மாணவர்களை எறிஞ்சுக்கிட்டே இருந்தார்.

5/
அந்த மாணவர்கள்ல ஒருத்தன் ஷிரோ சைகோ. 1866-ல பிறந்தவன். கானோவை விடச் சின்ன உருவம், பூனை மாதிரி சுறுசுறுப்பு. பின்னாளில் கோடோகானோட நான்கு தூண்கள்னு சொல்லப்பட்டவங்கள்ல ஒருத்தன்.

தினமும் விழுந்து விழுந்து இவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. ஆசிரியர் இடுப்பு உள்ள வர்ற அந்த நொடியில, அதைச் சுத்தித் துள்ளி முன்னாடி போய்ட்டா எறிய முடியாது. அப்படியே செஞ்சான். கானோவோட உகி கோஷி அவன் கிட்ட செல்லாமப் போச்சு.

6/
இங்க கொஞ்சம் நில்லுங்க.

நம்ம ஊர்ல ஆசிரியரோட ஆயுதத்தை ஒரு மாணவன் செல்லாக்காசாக்கினா என்ன நடக்கும்? "டேய், ஆடாம நில்லுடா"ன்னு ஒரு அதட்டல். இல்லன்னா "நீ செய்யறது தப்பு, நான் சொன்ன மாதிரி நில்லு."

கானோ மாணவனை நிறுத்தலை. எறிதலை மாத்தினார். சுத்தி ஓடற காலுக்குக் குறுக்கே தன்னோட காலை நீட்டி, தொடையோட சேர்த்துப் பின்னாடி வீசினார். ஓட வந்த கால் ஓட இடமில்லாம மேலே போச்சு. சைகோ விழுந்தான்.

இதுதான் ஹராய் கோஷி பிறந்த விதம்னு கோடோகான் மரபு சொல்லுது. 'ஹராய்'ன்னா பெருக்கித் தள்றது. இடுப்பை வச்சுப் பெருக்கித் தள்ற எறிதல்.

7/
இந்த வரிசைக்குத் தடயம் ஜூடோ பாடத்திட்டத்துலயே இருக்கு. எறிதல்களை முறைப்படி செஞ்சு காட்டற 'நாகே நோ கதா'ல இடுப்பு எறிதல் மூணு. முதல்ல உகி கோஷி. ரெண்டாவது ஹராய் கோஷி. மூணாவது, உடம்பை விறைப்பாக்கி நிமிர்ந்து எதிர்க்கிறவனுக்குக் கீழ தாழ்ந்து போய் எறியற ட்சுரிகோமி கோஷி.

இதை மனப்பாடம் பண்ற பட்டியலா பார்க்காதீங்க. ஒரு எறிதல், அதுக்கு எதிராளி சொல்ற பதில், அந்தப் பதிலுக்கு அடுத்த எறிதல். ஒரு நீண்ட வாக்குவாதம் மாதிரி படிங்க.

8/
1895-ல கோடோகான் தன் எறிதல்களை வகைப்படுத்திப் பாடமாக்கினது. 1920-ல அதைத் திருத்தி 5 தொகுதி, 40 எறிதல்னு அமைச்சாங்க. அதுல உகி கோஷி முதல் தொகுதி. ஹராய் கோஷி ரெண்டாவது தொகுதி.

அதனால உகி கோஷி சரியா வராம நேரா ஹராய் கோஷிக்குத் தாவறவங்க, கேள்வியைப் படிக்காம விடை எழுதற மாதிரிதான். இப்போ "எனக்கு ஏன் வரலை?"க்கு வருவோம். எல்லாமே வலது கைக்காரர் கணக்கு.

9/
முதல் சிக்கல்: எதிராளி குதிகால் தரையிலயே இருக்கு.
காலை வீசறதுக்கு முன்னாடியே அவன் சமநிலை குலையணும். இடது கை சட்டைக் கையைப் பிடிச்சு, நீங்க கைக்கடிகாரம் பார்க்கிற மாதிரி மேலே, வெளியே இழுக்கணும். வலது கை காலரைத் தூக்கணும். அவன் எடை வலது முன்பாதத்துக்கு வரணும்.
சோதனை சுலபம். காலை வீசாம உள்ள போய் நில்லுங்க. ஜோடி முன்பாதத்துல நிக்கிறானா? சரி. சாவகாசமா முழுப் பாதத்துல நிக்கிறானா? இன்னும் ஒண்ணுமே நடக்கலை.

10/
ரெண்டாவது: இடுப்பு ரொம்ப உள்ள போயிடுது.
முதுகை முழுசா அவன் மேல ஒட்டினா, வீச வேண்டிய கால் அவனுக்கு முன்னாடியே மாட்டிக்கும். இங்க இடுப்போட வலது பக்கமும் உங்க விலாவும் அவன் நெஞ்சோட ஒட்டினா போதும். நடுவுல காத்து போகக் கூடாது. காத்து போனா, அவன் பின்னால சாய்ஞ்சு உங்களைப் பின்னாலிருந்து தூக்கிப் போட்டுடுவான்.

11/
மூணாவது: கால் கீழ படுது.
கணுக்கால், கெண்டைக்கால்ல தட்டறது ஹராய் கோஷி இல்லை. உங்க தொடையோட பின்பக்கம் அவன் வலது தொடையில, முட்டிக்கு மேல படணும். முட்டியில பக்கவாட்டுல அடிச்சா எறிதலும் வராது, அவனோட மூட்டு ஜவ்வுக்கும் ஆபத்து.

12/
நாலாவது: நிக்கிற கால். மருத்துவரா எனக்கு ரொம்பக் கவலை தர்றது இதுதான்.
இடது பாதம் எதிராளி பார்க்கிற திசையையே பார்க்கணும். முட்டி லேசா மடங்கி இருக்கணும். பலர் பாதத்தைப் பாதி திருப்பிட்டு உடம்பை மட்டும் முழுசா திருப்புவாங்க. பாதம் மேட்ல ஒட்டிக்கும், தொடை எலும்பு திரும்பும், நடுவுல இருக்கிற முட்டி ரெண்டு பேரோட எடையையும் முறுக்கோட தாங்கும். ஏ.சி.எல். ஜவ்வு கிழியறது இப்படியான முறுக்குலதான்.
"டப்"னு ஒரு சத்தம், சில மணி நேரத்துல வீக்கம், நடந்தா முட்டி நழுவற உணர்வு. இதெல்லாம் இருந்தா எண்ணெய் போட்டு நீவக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வாங்க.

13/
அஞ்சாவது: தலையைக் கீழே கொண்டு போறது.
கால் மேலே போகலைன்னா பலர் தலையைத் தரைக்குக் குத்தி எடையால இழுக்கப் பார்ப்பாங்க. சர்வதேச விதியில இதுக்கு நேரடித் தகுதி நீக்கம். உச்சி மாதா, ஹராய் கோஷி மாதிரி எறிதல்களைப் பேர் சொல்லியே எழுதி வச்சிருக்காங்க. காரணம் கழுத்தெலும்பு. தலை தரையில குத்தி, உடம்பு எடை பின்னால வந்து இறங்கினா தண்டுவடம் நசுங்கலாம்.
தலையை இடது பக்கம் திருப்புங்க. தலை போற பக்கம் உடம்பு வரும்.

14/
ஆறாவது: சட்டைக் கையை விட்டுடறது.
விழறவனைக் கடைசி வரை பிடிச்சிருக்கிறது உங்க இடது கை. அதை விட்டா அவன் எப்படி விழுவான்னு யாருக்கும் தெரியாது. தோள்ல விழுந்தா காறை எலும்பு, தலையில விழுந்தா மூளை. கானோ சொன்ன ரெண்டு கொள்கைகள்ல ஒண்ணு, தானும் பிறரும் சேர்ந்து நலமா வளரணும்ங்கிறது. அது சுவத்துல மாட்டற வாசகம் மட்டும் இல்லை. உங்க இடது கையில இருக்கு.

15/
இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஜப்பானே இதுல பாடம் படிச்சது. 1983-க்குப் பிறகான சுமார் 30 வருஷத்துல அந்த நாட்டுப் பள்ளிகள்ல ஜூடோவால 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்காங்க. முக்கியக் காரணம் தலைக்காயம், மண்டைக்குள்ள ரத்தக்கசிவு. அதிகம் பாதிக்கப்பட்டது புதுசா சேர்ந்த பசங்க. விழக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே எறியப்பட்டவங்க.

2022-ல ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திடுச்சு. ஜெயிக்கிற வெறி பிள்ளைகளுக்கு நல்லதில்லைன்னு சொல்லித்தான் நிறுத்தினாங்க.

16/
தமிழ்நாட்டுல பள்ளிக் கல்வித்துறை போட்டிகள்ல ஜூடோவும் இருக்கு. உடல்தகுதிச் சான்றுக்கு வர்ற அரசுப் பள்ளிப் பசங்க கண்ணுல ஒரு வெளிச்சம் இருக்கும். அது அணையக் கூடாது. பெற்றோர், பி.டி. சார் எல்லாரும் இதை மட்டும் மனசுல வைங்க:

விழற பயிற்சி (உகேமி) நல்லா வந்த பிறகுதான் எறிதல்.
தலையில அடிபட்டா அன்னைக்கு மேட்டுக்குத் திரும்பக் கூடாது. மருத்துவர் சொல்ற வரைக்கும் பயிற்சி கிடையாது.
வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கிட்டே போற தலைவலி, குழப்பமான பேச்சு, வலிப்பு: உடனே 108.

17/
சரி, ஜூடோ இந்தியாவுக்கு எப்படி வந்துச்சு? ரவீந்திரநாத் தாகூர் வழியா. 1905-ல ஜின்னோசுகே சானோங்கிற ஜப்பானியர் சாந்திநிகேதன் வந்து ஜூடோ சொல்லிக் கொடுத்தார். 1929-ல தாகூர் அழைப்புல ஷின்சோ தகாகாகிங்கிற கோடோகான் ஆசிரியர் வந்தார். ஆண்களோட பெண்களும் கத்துக்கிட்டாங்க. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னோட அம்மா அமிதா சென் அங்க ஜூடோ பழகினவங்க. பெண்கள் ஜூடோ ஒலிம்பிக் பதக்கப் போட்டியா ஆனதே 1992-லதான். கணக்குப் போட்டுப் பாருங்க.

18/
நம்ம பக்கம்? புறநானூறு 80 முதல் 82 வரை சாத்தந்தையார் பாடினது. பாட்டுடைத் தலைவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. முக்காவல்நாட்டு ஆமூர்ல ஒரு பேர் பெற்ற மல்லனை அவன் வீழ்த்தினதைப் பத்தின பாட்டுகள். 80-ஆம் பாட்டுல ஒரு கால் எதிராளி மார்புல அழுத்துது, இன்னொரு கால் அவன் செய்யற தந்திரத்தைத் தடுத்துப் பின்னால போகுது. நேர்ல பார்த்தவர் எழுதின மாதிரி இருக்கும். அதே கிள்ளியை நினைச்சு உருகி நக்கண்ணையார் பாடின பாட்டுகளும் அடுத்தடுத்து இருக்கு.

19/
நான் வேலை பார்க்கிற கிளியனூர், திண்டிவனம்–புதுச்சேரி சாலையில இருக்கிற ஊர். இந்த வட்டாரம் பழைய ஓய்மாநாடு. சிறுபாணாற்றுப்படையோட தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில், இன்னைக்குத் திண்டிவனத்துக்குள்ளயே இருக்கு. அந்த நூல்லயும் ஒரு ஆமூர் வரும். உடனே "அந்த மல்லன் நம்ம ஊர்க்காரன்"னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க! அது ஓய்மாநாட்டு ஆமூர், மல்லனோடது முக்காவல்நாட்டு ஆமூர். பேர் ஒண்ணு, நாடு வேற.

20/
அதே மாதிரி "ஜூடோவே இங்கிருந்து போனதுதான்"னு சொல்றதுக்கும் இந்தப் பாட்டு ஆதாரம் இல்லை. ரெண்டு கால் ரெண்டு கை உள்ள மனுஷன் எங்க மல்லுக்கு நின்னாலும், எதிராளி காலை எப்படி மடக்கறதுன்னு யோசிப்பான். அதைத் தமிழன் அவ்வளவு பழைய காலத்துலயே கூர்ந்து பார்த்துப் பாட்டாக்கி வச்சிருக்கான். அந்தப் பெருமை போதும். அடுத்தவன் பெருமையை எடுத்து ஒட்ட வேண்டியதில்லை.

21/
2024 பாரிஸ் பாராலிம்பிக்ல இந்தியாவுக்கு முதல் ஜூடோ பதக்கம் கிடைச்சது. வெண்கலம். 60 கிலோ பிரிவு, கபில் பர்மார், மத்தியப் பிரதேசம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான போட்டியில ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்ச பிறகுதான் ஆட்டமே ஆரம்பிக்கும். எதிராளி எடை எங்க இருக்குன்னு கண்ணு சொல்லாது, கைப்பிடிதான் சொல்லும். ஹராய் கோஷி வரலைன்னு வருத்தப்படறவங்க ஒருநாள் பாதுகாப்பா, மெதுவா, கண்ணை மூடிக்கிட்டு உள்ள போற பயிற்சியை மட்டும் செஞ்சு பாருங்க. சட்டைக் கை எவ்வளவு பேசுதுன்னு தெரியும்.

22/
சைகோ 1890-ல கோடோகானை விட்டுப் போய்ட்டான். பின்னாடி அவனை மனசுல வச்சு நாவல் வந்தது. அந்த நாவலை வச்சு 1943-ல அகிரா குரோசாவா தன்னோட முதல் படத்தை எடுத்தார். சைகோ 1922-ல இறந்தான். கானோ அவனுக்கு இறப்புக்குப் பின் 6-ஆம் டான் கொடுத்து மரியாதை செஞ்சார். கானோ 1938-ல கெய்ரோ ஒலிம்பிக் கூட்டம் முடிஞ்சு கப்பல்ல திரும்பும்போது நிமோனியாவுல இறந்தார்.

23/
ஆசிரியருக்குப் பிடிச்ச எறிதல்ல இருந்து தப்பிக்க ஒரு மாணவனுக்கு இடம் இருந்ததாலதான் ஜூடோவுக்கு இன்னொரு எறிதல் கிடைச்சது. உங்க பிள்ளையோ மாணவனோ சுத்தி நடந்து தப்பிச்சு உங்க முன்னாடி வந்து நின்னா, அதட்டறதுக்கு முன்னாடி அவன் எப்படித் தப்பிச்சான்னு கேளுங்க. மேட்ல மட்டும் இல்ல, வகுப்பறையிலயும்.

முட்டி, தலை பத்தின சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.