எட்டு ரியால் நாணயம் உரைக்கும் வரலாறு

பழைய நாணயம் திரட்டுதலை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். அது வரலாற்றுக் கல்வியின் ஒரு கூறு என்பதற்கு, ஸ்பானியப் பேரரசு அமெரிக்கக் கண்டத்தில் அடித்த வெள்ளி நாணயங்கள் தக்க சான்றாகும்.

இன்றைய பொலிவியா நாட்டில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் பொட்டோசி நகரம் உள்ளது. அதை அடுத்த மலையில் 1545ஆம் ஆண்டில் ஸ்பானியர் வெள்ளி எடுக்கத் தொடங்கினர். 1570களில் அங்கு நாணயச்சாலை எழுந்தது. அதன் பெரிய வெள்ளி நாணயம் எட்டு ரியால். எடை சுமார் 27 கிராம். வெள்ளிப் பாளத்திலிருந்து துண்டு வெட்டி, எடை மிகுந்தால் ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு அச்சுகளின் இடையே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஆதலின் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. வடிவம் எப்படியிருப்பினும், எடையும் தரமும் சரியாயிருத்தலே வேண்டப்பட்டது.

இத்தகைய நாணயம் கிடைத்தால் மாணவர்கள் முதலில் தேட வேண்டியது ஒரு சிறிய எழுத்தை. அது வெள்ளியின் தரத்துக்குப் பொறுப்பேற்ற சோதனை அதிகாரியின் அடையாளம். அந்தப் பொறுப்பு ஒருமுறை பெரிதும் தவறியது. 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பொட்டோசி நாணயத்தில் செம்பு அளவுக்கு மீறிக் கலக்கப்பட்டது. வணிகர் அதனை வாங்கத் தயங்கினர். 1649இல் விசாரணை தொடங்கியது. வெள்ளி வணிகராகிய பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சா 1650இல் மரண தண்டனை பெற்றார். இழந்த நம்பிக்கையை மீட்க, 1652இல் இரு தூண்களும் கடலலைகளும் கொண்ட புதிய அச்சு வந்தது. எனவே பொட்டோசியின் அலைச் சின்ன நாணயத்தைக் கண்டால், அது அந்த மோசடிக்குப் பிற்பட்டது என்று துணியலாம்.

1732 முதல் மெக்சிகோவில் இயந்திரத்தால் வட்டமான நாணயங்கள் அடிக்கப்பட்டன. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்க, விளிம்பிலும் கோலம் பொறித்தனர். அவை உலகெங்கும் சென்றன. சீன வணிகர் தரம் பார்த்துத் தம் முத்திரையைக் குத்தினர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1857 வரை அவை சட்டப்படி செல்லுபடியாயின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் சென்னை நாணயச்சாலையும் அவற்றின் மீதே கோபுரச் சின்னத்தை அடித்து அரை வராகன் நாணயங்களாக்கியது. சிலவற்றில் பழைய எழுத்து இன்றும் நிழல்போல் தெரிகிறது.

ஆகையால் பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் ஆகாது. தேய்த்தால் அழிவது வரலாற்றுச் சான்றே. அதன் எடையையும், கிடைத்த இடத்தையும் குறித்து வைப்பதே முறை.

ஆயினும் அந்த வெள்ளி உரைக்காத செய்தி ஒன்றும் உண்டு. 1570களில் அரசப் பிரதிநிதி தொலேதோ, ஆண்டீஸ் மலைச் சிற்றூர்களின் ஆடவருள் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் முறைவைத்துச் சுரங்க வேலைக்கு வர வேண்டும் என விதித்தார். ‘மித்தா’ எனப்பட்ட இக்கட்டாய உழைப்பு 1812 வரை சட்டத்தில் நிலைத்தது. சுரங்க இருளிலும் பாதரச நச்சிலும் மாண்டவர் எண்ணற்றோர். அரசன் பெயர் நாணயத்தில் உண்டு; சோதனை அதிகாரியின் எழுத்தும் உண்டு. தோண்டியவன் பெயர் மட்டும் இல்லை. பொறிக்கப்பட்டதைப் படிப்பதோடு, பொறிக்கப்படாதவனையும் நினைப்பதே வரலாறு கற்பதன் பயன்.