மணத்தக்காளி அல்சரை ஆத்துமா? ஒரு சின்ன வரலாறு

1/ மேலூர்ப் பக்கத்துல இருந்து வயித்தெரிச்சலோட வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்வி: "டாக்டர், மணத்தக்காளி சாப்பிட்டா அல்சர் ஆறிடும்னு எங்க அப்பத்தா சொல்லுது. நெசமா?"

2/ அப்பத்தா சொன்னதை ஆய்வுக்கூடத்துல சோதிச்சே பாத்திருக்காங்க. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மல்லிகா ஜைனுவும் ஷியாமளா தேவியும் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மணத்தக்காளிப் பழத்தின் சத்தை மெத்தனாலில் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்தார்கள்.

3/ எலிக்கு எப்படிப் புண் வரும்? நாமதான் வரவைக்கணும். குளிரில் அசையவிடாமல் வைப்பது, இண்டோமெத்தசின் என்ற வலி மாத்திரை, எத்தனால், இரைப்பையின் கீழ்வாயைக் கட்டுவது. நாலு முறையிலும் புண் குறைந்தது. அமிலத்தைச் சுரக்கும் புரோட்டான் பம்பின் வேலையும் குறைந்தது. நீங்க காலையில போடுற ஒமிப்ரசோல் அடக்குறதும் இதே பம்பைத்தான்.

4/ அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா? கொஞ்சம் பொறுங்க. நமக்கு அல்சர் வர முக்கியக் காரணம் ரெண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, வலி மாத்திரை. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பலைன்னு 1984-ல் மார்ஷல் அதைத் தானே குடிச்சார். சில நாளிலேயே வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த எலிகளுக்கு வந்த புண், கிருமியால வந்த புண் இல்ல.

5/ மனுஷங்ககிட்ட சோதிச்சாத்தான் தெரியுற விஷயமும் உண்டு. அதுக்கு உதாரணம் நம்ம நாட்டுமருந்துக் கடை அதிமதுரம். அதிமதுரச் சாறு வயித்துப் புண்ணுக்குக் கேட்குதுன்னு 1946-ல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் எழுதினார். ஆனா சாப்பிட்டவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு உடம்புல நீர் கோத்துக்கிச்சு. 1960-களில் பிரிட்டனில் அதிமதுரச் சத்திலிருந்து கார்பெனாக்சலோன் என்ற மாத்திரை செய்தார்கள். புண் ஆறுச்சு. கூடவே பிரஷர் ஏறுச்சு, ரத்தத்துல பொட்டாசியம் இறங்குச்சு. 1976-ல் சிமெடிடின் வந்தபிறகு அது மெல்ல வழக்கொழிஞ்சது.

6/ ஆக, அப்பத்தா சொன்னதுல விஷயம் இருக்கு. ஆனா எலி ஆய்வை வச்சு உங்களுக்கு எவ்வளவு, எத்தனை நாள்னு என்னால எழுதித் தர முடியாது. மணத்தக்காளிக் கீரையைக் கூட்டு வச்சுத் தாராளமா சாப்பிடுங்க. அது சாப்பாடு. கிருமி இருக்குன்னு டெஸ்ட்ல வந்தா, ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போடுங்க. பாதியில நிறுத்தாதீங்க.

7/ மூட்டு வலிக்குக் கடையில நீங்களே மாத்திரை வாங்கிப் போடுறதை நிறுத்துங்க. பிரஷர் இருக்குறவங்க தினமும் அதிமதுரப் பொடி சாப்பிட வேண்டாம். மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ கீரை, கஷாயம்னு காத்திருக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.