எது செல்வம்?

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே கடலோரத்தில் அமைந்தது உடப்பு. திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பால் பெயர்பெற்ற தமிழ் மீனவர் கிராமம். அயலிலுள்ள மீனவருள் பலர் கத்தோலிக்கர். பூச்சியரிக்கும் பொருளைத் தேட வேண்டாம், விண்ணுலகச் செல்வத்தையே தேடுக என்பது அவர்கள் கேட்டுவரும் போதனை. இக்கரையில் அதனைக் கைக்கொண்டோர் யார்?

1658இல் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தக் கம்பனியும் ஏசுவின் பெயரையே சொல்லிற்று. ஆயினும் அது கண்ணுங் கருத்துமாகக் காத்தவை கறுவாவும் முத்தும் யானையுமே. கறுவா உரிப்போர் கட்டாய ஊழியத்தில் வாடினர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது.

அந்நாளில், 1687இல், கூலியாள் வேடத்தில் இலங்கை வந்தார் கோவாவின் யோசப் வாஸ் அடிகள். கண்டியரசுக்குட்பட்ட புத்தளத்தில் தொண்டாற்றி, 1692இல் கண்டி சென்றார். ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்டனர். 1697இல் அங்கே வைசூரி பரவ, உற்றாரும் கைவிட்ட நோயாளரைச் சமயம் பாராது பேணினார். 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக்கிற்று.

வாஸ் அடிகள் துறவைத் தம்மிடமிருந்து தொடங்கினார். பொருளைக் குவித்தவன் ஏழைக்குத் துறவை உபதேசிப்பின் அது சுரண்டலுக்குத் துணைபோவதாகும். ஆகவே, உடப்பில் கரைவலை இழுப்பவனுக்குப் பொறுமையைப் போதிக்குமுன், அவன் உழைப்பின் பங்கு அவனுக்குச் சேர்கிறதா என்று கேட்போம்.