திருக்குறளார் வீ. முனிசாமியின் நாடாளுமன்றக் காலம்: சில குறிப்புகள்

திருக்குறளார் வீ. முனிசாமியை (1913–1994) இலக்கிய வரலாறு நகைச்சுவை ததும்பும் குறட்பேச்சாளராகவே நினைவில் வைத்துள்ளது. விழுப்புரத்தை அடுத்த தோகைப்பாடியில் பிறந்து சட்டம் பயின்ற அவர், முதல் மக்களவையில் (1952–57) திண்டிவனத் தொகுதியின் உறுப்பினராகவும் இருந்தார். இவ்வைந்தாண்டுகள் அவரைப் பற்றிய எழுத்துகளில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

அவர் வென்றது தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் வேட்பாளராக. எஸ். எஸ். இராமசாமி படையாட்சி தொடங்கிய அக்கட்சி, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் வன்னியர் ஆதரவைத் திரட்டி 1952இல் 19 சட்டமன்ற இடங்களையும் 4 மக்களவை இடங்களையும் பெற்றது. திண்டிவனம் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. இரு இடங்களுள் ஒன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் இருந்தன. முனிசாமியுடன் அதே கட்சியின் அ. ஜெயராமனும் வென்றார். எனவே இவ்வெற்றியை மேடைப்புகழின் விளைவாக மட்டும் காண்பது பொருந்தாது. ஒரு கட்சிக்கே இரு இடங்களும் கிடைத்தமை அமைப்புவழித் திரட்டலையே முதன்மைக் காரணமாகச் சுட்டுகிறது. எனினும் மேடைப்புகழை முற்றாக ஒதுக்கவும் இயலாது. 1949 சனவரியில் பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டியதை நோக்க, குறள் அக்காலத்தில் புலவர் அவையைக் கடந்து அரசியல் மேடைக்கு வந்துவிட்டமை தெளிவு. வழக்குமன்றத்தைவிட அம்மேடையே முனிசாமியை மக்களிடம் கொண்டுசென்றது என்பது என் கருத்து.

கட்சியின் ஆயுள் குறுகியது. 1954இல் காமராசர் அமைச்சரவையில் படையாட்சி இடம்பெற்றார். கட்சி காங்கிரசில் கரைந்தது. 1957இல் திண்டிவனத்தில் வென்றவர் சுயேச்சையான என். பி. சண்முகக் கவுண்டர்.

முனிசாமியின் அவைப்பணியை ஆராய்வோர் ஒரு சிக்கலை எதிர்கொள்வர். அதே அவையில் அண்டைத் தொகுதியான வந்தவாசியின் உறுப்பினர் பெயரும் முனிசாமிதான் (என். ஆர். முனிசாமி). தலைப்பெழுத்தையும் தொகுதியையும் ஒப்புநோக்காமல் விவாதப் பதிவுகளின் பெயரடைவை மட்டும் நம்பினால் ஒருவர் பேச்சு மற்றவர் கணக்கில் சேரும். குறளாரின் நாடாளுமன்ற உரைகளைத் தொகுக்க முனைவோர் முதலில் இப்பிரிப்பை முடித்தாக வேண்டும். அதன்பின்னரே, மேடையில் கேட்ட குரல் அவையிலும் கேட்டதா என வினவ இயலும்.