ஒரு தண்டால் என்பது எது: அமெரிக்கத் தரைப்படை உடற்தகுதித் தேர்வில் வரையறையும் பயிற்சியும்

தண்டால் மிகப் பழைய உடற்பயிற்சி. ஆனால் அதை எண்ணி, அந்த எண்ணுக்கு மதிப்பெண் இட்டு, அம்மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவர் படைக்குத் தக்கவரா என்று முடிவு செய்வது இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றிய வழக்கம். வட இந்திய அக்காடாக்களில் மல்லர்கள் 'தண்ட்' என்ற பெயரில் எடுக்கும் பயிற்சியும் தமிழில் தண்டால் என வழங்குவதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே இடுப்பு மேலெழுந்து நிற்க, மார்பு தரையை உரசுவதுபோல் தாழ்ந்து முன்னேறி, தலை நிமிர்ந்து, மீண்டும் உடல் பின்வாங்கும். எத்தனை எடுப்பது என்பது உஸ்தாதுக்கும் சீடனுக்கும் இடையிலான கணக்கு. அடுத்த ஊர் அக்காடாவின் கணக்கோடு அது ஒத்துப்போக வேண்டிய தேவை இல்லை. படைத்துறைத் தேர்வின் தேவை வேறு. பல்லாயிரம் பேர், பல முகாம்களில், முன்பின் அறியாத மதிப்பீட்டாளர்கள் முன் எடுக்கும் தண்டால்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால், 'ஒன்று' என்று எதை எண்ணுவது என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டும். அமெரிக்கத் தரைப்படையில் அந்த வரையறை மாறிய ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கான பயிற்சி முறையும் உடன் மாறியிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் படிப்பதால்தான் பழைய பயிற்சி அறிவுரைகள் புதிய தேர்வுக்கும் அப்படியே பொருந்தும் என்ற மயக்கம் ஏற்படுகிறது.

ஐரோப்பியப் படைகளில் ஒழுங்குபடுத்திய உடற்பயிற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றுவிட்டது. பெர்லினில் ஃபிரீட்ரிஷ் லூட்விக் யான் 1811-இல் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தார். ஸ்டாக்ஹோமில் பேர் ஹென்ரிக் லிங் 1813-இல் உடற்பயிற்சிப் பயிலகம் நிறுவினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஆர்ச்சிபால்ட் மெக்லாரன் 1860-இல் பிரிட்டிஷ் படையின் 12 ஆணைபெறா அலுவலர்களைப் பயிற்றுவித்தார். அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரிக்கு 1885-இல் வந்த ஹெர்மன் கோலர் இம்மரபுகளின் சாரத்தைப் பயிற்சித் திட்டமாக்கினார். இவை அனைத்திலும் மேலோங்கிய நோக்கம் அணி முழுவதும் ஒரே தாளத்தில், ஒரே தோரணையில் இயங்குவது. தனியொருவரின் எண்ணிக்கை அங்கே பொருட்டாக இருக்கவில்லை.

எண்ணிக்கை பொருட்டானது இரண்டாம் உலகப்போரின்போது. கட்டாய ஆள்சேர்ப்பில் திரண்ட இளைஞர்களைக் குறுகிய காலத்தில் போருக்கு ஆயத்தப்படுத்த வேண்டியிருந்த நிலையில், ஒரு பிரிவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை எளிதாக அறியும் அளவுகோல் தேவைப்பட்டது. 1942-இல் தரைப்போர்ப் படைகளுக்கென வகுக்கப்பட்ட தேர்வில் குறித்த எண்ணிக்கையில் தண்டால் எடுப்பதும், 50 நிமிடத்தில் 4 மைல் நடப்பதும், ஆளைச் சுமந்து ஓடுவதும் இடம்பெற்றன. ராயல் பர்ப்பி என்ற உடலியலாளர் 1930-களில் உடற்தகுதியை அளக்க உருவாக்கிய, இன்று அவர் பெயராலேயே வழங்கும் பயிற்சியும் அத்தேர்வில் இருந்தது. அளப்பதற்கென்றே பிறந்த பயிற்சி ஒன்றின் அருகே தண்டால் வைக்கப்பட்டது தற்செயலானதன்று. பயிற்சி என்ற நிலையிலிருந்து அளவுகோல் என்ற நிலைக்குத் தண்டால் நகர்ந்த இடமாக இதையே கொள்ளலாம்.

ஆயினும் அந்த இடம் உறுதியானதாக இருக்கவில்லை. 1960-களில் தரைப்படை கையாண்ட போர்த்திறன் தேர்வில் தண்டாலே இல்லை. தரையில் 40 கெஜம் ஊர்தல், கிடைமட்ட ஏணியில் கைகளால் தொங்கி நகர்தல், தடைகளை வளைந்து தாண்டி ஓடுதல், கையெறிகுண்டு வீசுதல் அல்லது ஆளைச் சுமத்தல், 1 மைல் ஓட்டம் ஆகியவையே அதில் இருந்தன. போர்க்களத்தில் வீரர் செய்வதையே தேர்விலும் செய்யவைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் அடிப்படை. எண்ணம் செம்மையானது, நடைமுறையோ கடினமானது. ஏணி வேண்டும், தடைகள் வேண்டும், அளந்து ஒதுக்கிய களம் வேண்டும். உலகெங்கும் சிதறிக் கிடந்த முகாம்களுக்கும் அலுவலகப் பிரிவுகளுக்கும் இவை எட்டாதவை.

1978-இல் பெண்கள் படைப்பிரிவு தனி அமைப்பாக இருந்த நிலை முடிவுற்று, ஆணும் பெண்ணும் ஒரே படையில் ஒரே தேர்வை எதிர்கொள்ள வேண்டிய சூழல் உருவானது. 1980-இல் அறிமுகமான உடற்தகுதித் தேர்வு மூன்றே பகுதிகளைக் கொண்டது: 2 நிமிடத் தண்டால், 2 நிமிடம் மல்லாந்து படுத்து எழுதல், 2 மைல் ஓட்டம். ஒரு கடிகாரமும் சமதரையும் இருந்தால் போதும். தண்டால் திரும்பி வந்ததற்குக் காரணம் அது போரை நன்றாக அளக்கிறது என்பதைவிட, அதை எங்கும் எவரும் நடத்த முடியும் என்பதே. நாற்பது ஆண்டுகள் அத்தேர்வு நின்றதற்கும் அதுவே காரணம் என்று கருத இடமுண்டு.

இத்தேர்வில் வரையறை மிக நுணுக்கமானது. கைகளை நேராக நீட்டி, கைத்தலமும் பாதமும் மட்டும் தரையில் பட, தோள் முதல் கணுக்கால் வரை உடல் ஒரே கோடாக நிற்பது தொடக்க நிலை. முழங்கையை மடித்து, மேற்கை தரைக்கு இணையாக வரும்வரை தாழ்ந்து, மீண்டும் கை முற்றிலும் நீளும்வரை உயர்ந்தால் ஒன்று. பாதங்களுக்கு இடையே 12 அங்குலம் வரை இடைவெளி விடலாம். மதிப்பீட்டாளர் தேர்வரின் தோளிலிருந்து 3 அடி தொலைவில் அமர்ந்தோ மண்டியிட்டோ பார்ப்பார். பிழையாக எடுத்த தண்டாலுக்கு அடுத்த எண்ணைச் சொல்லாமல், கடைசியாகச் சரியாக எடுத்ததன் எண்ணையே திரும்பச் சொல்வார். தேர்வர் காதில் அதே எண் மீண்டும் விழும்போதுதான் ஓர் உழைப்பு வீணானது அவருக்குத் தெரியவரும். இளைப்பாறுதல் மேல்நிலையில் மட்டுமே அனுமதி; அப்போது நடுவுடலைச் சற்றுத் தொங்கவிடவோ உயர்த்தவோ செய்யலாம், ஆனால் கையையோ காலையோ தரையிலிருந்து எடுக்கக் கூடாது.

பிற்காலத்தில் நடைமுறையில் இருந்த அட்டவணைப்படி, 17 முதல் 21 வயது வரையுள்ள ஆணுக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணான 60-க்கு 42 தண்டாலும், முழு மதிப்பெண்ணான 100-க்கு 71 தண்டாலும் வேண்டும். அதே வயதுப் பெண்ணுக்கு 19-உம் 42-உம். ஒரே 42 ஒருவருக்குக் கடைநிலைத் தேர்ச்சியாகவும் மற்றவருக்கு முழு மதிப்பெண்ணாகவும் அமைந்தது பின்னர் நீண்ட விவாதத்துக்கு வித்திட்டது.

இந்த எண்ணிக்கையை எவ்வாறு கூட்டுவது என்ற கேள்விக்கான அறிவியல் அடித்தளம் தேர்வுக்கு முன்னரே, அதுவும் படை மருத்துவமனை ஒன்றில் இடப்பட்டிருந்தது. சிகாகோவிலுள்ள கார்டினர் படை மருத்துவமனையில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945-இல் வெளியிட்ட கட்டுரையில், தசை ஏற்கும் பளுவைப் படிப்படியாக உயர்த்தும் முறையை விளக்கினார். மிகுந்த பளுவைச் சில முறை தூக்குவது வலிமையை வளர்க்கும், குறைந்த பளுவைப் பலமுறை தூக்குவது தாங்குதிறனை வளர்க்கும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. வலிமை என்பது ஒருமுறை செலுத்தக்கூடிய உச்ச விசை. தாங்குதிறன் என்பது அதைவிடக் குறைந்த விசையை மீண்டும் மீண்டும் செலுத்தும் ஆற்றல். பிற்கால ஆய்வுகள் இவ்வெல்லைக் கோட்டை அவ்வளவு கூர்மையாக வரைவதில்லை. ஆயினும் தண்டாலைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள திறவுகோல் இல்லை.

ஏனெனில் தண்டாலில் பளு என்பது எடுப்பவரின் உடலே. உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. முழங்காலைத் தரையில் ஊன்றினால் அது பாதியளவாகக் குறையும். பாதங்களைப் பலகையின்மேல் உயர்த்தி வைத்தால் கூடும். ஆகவே 8 தண்டாலோடு கை சோர்ந்துபோகும் ஒருவருக்கும் 55 எடுத்து 70-ஐ எட்ட முயலும் ஒருவருக்கும் தேவைப்படுவது ஒரே பயிற்சி அன்று. முன்னவருக்குத் தம் உடலே பெரும்பளு; அவர் சிக்கல் வலிமையைச் சார்ந்தது. கைகளை உயரமான திண்ணையிலோ மேசையிலோ ஊன்றி, சரியான வடிவம் குலையாமல் எடுத்து, வாரந்தோறும் அந்த உயரத்தைக் குறைத்துக்கொண்டே வருவதும், மார்புத் தசைக்கும் மேற்கையின் பின்புற முத்தலைத் தசைக்கும் பளுப்பயிற்சி தருவதும் அவருக்கு வழி. பின்னவருக்கு வலிமை போதும். தசையில் சேரும் களைப்பைத் தாங்குவதும் 2 நிமிடத்தைப் பங்கிடுவதுமே அவர் சிக்கல். அணி முழுவதையும் நிறுத்தி ஒரே எண்ணிக்கையில் தண்டால் எடுக்கவைக்கும் பழைய வழக்கத்தில் இவ்விருவருமே பயன்பெறவில்லை: முன்னவர் நடுவிலேயே வடிவம் குலைந்து விழுந்தார், பின்னவர் களைப்பின் எல்லையைத் தொடவே இல்லை.

1992-இல் வெளியான களக் கையேடு இக்குறையைக் களைய முயன்றது. எண்ணிக்கையை விதிப்பதற்கு மாற்றாக நேரத்தை விதிக்கும் முறையை அது பரிந்துரைத்தது. குறித்த நொடிகளுக்குள் ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலுக்கேற்ப எடுக்க வேண்டும்; சிறிது இடைவெளிக்குப் பின் அடுத்த சுற்று தொடங்கும். கைகளை அகலமாக வைத்தும் நெருக்கமாக வைத்தும், பாதங்களை உயர்த்தியும் வகை மாற்றலாம். கை சோர்ந்தபின் முழங்காலை ஊன்றி நேரம் முடியும்வரை தொடரலாம். இந்த ஏற்பாட்டில் வலியவரும் மெலியவரும் ஒரே அணியில் நின்றபடியே தத்தம் எல்லைவரை உழைக்க முடிந்தது. தசை மீள்வதற்கு ஏறத்தாழ 48 மணிநேர ஓய்வு தேவை என்பதால், ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் கடும்பயிற்சி கூடாது என்பதும் அக்கையேட்டின் கோட்பாடு.

இந்தக் கோட்பாட்டுக்கு எதிரி படைக்குள்ளேயே இருந்தது. பிழை செய்த வீரரை அங்கேயே விழுந்து தண்டால் எடுக்கச் சொல்லும் வழக்கம் அது. தண்டனைக்காக எடுக்கும் தண்டாலும் தசையைக் களைக்கவே செய்யும். காலையில் முறையான பயிற்சி, பகல் முழுவதும் ஐம்பதும் நூறுமாகத் தண்டனை என்றால் மீள்வதற்கான நேரம் எங்கும் இல்லை. 2012-இல் வந்த கையேடு திருத்த நடவடிக்கையாகத் தரும் பயிற்சி 5 முறைக்கு மேற்படக் கூடாது என வரையறுத்தது இக்காரணத்தால் மிகுந்த முக்கியத்துவம் உடையது. தண்டால் எண்ணிக்கையை உயர்த்த எடுக்கப்பட்ட முடிவுகளுள், பயிற்சியைக் கூட்டாமல் குறைத்ததால் பயன் தரக்கூடியது இது ஒன்றே எனலாம்.

1980-இன் தேர்வு அளப்பது போரை அன்று என்ற குறை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது வலுத்தது. 2011-இல் 1 நிமிடத் தண்டால் உள்ளிட்ட புதிய தேர்வு முன்மொழியப்பட்டு மறு ஆண்டே கைவிடப்பட்டது. பின்னர் வந்த போர்த்தகுதித் தேர்வு 2018-இல் அறிவிக்கப்பட்டு, நீண்ட திருத்தங்களுக்குப் பின் 2022 அக்டோபரில் பதிவுக்குரிய தேர்வாயிற்று. பளுத் தூக்கல், பொருள்களை இழுத்தும் சுமந்தும் ஓடுதல் முதலிய ஆறு பகுதிகளுள் தண்டாலும் ஒன்றாக நீடித்தது. ஆனால் அது கைவிரிப்புத் தண்டாலாக மாறியிருந்தது.

இதில் தொடக்கமே தரையில். மார்பு, இடுப்பு, தொடை தரையில் பட, தோளுக்கு உட்பட்ட அகலத்தில் கைகளை ஊன்றி, உடலை ஒரே கட்டையாக உயர்த்தி, மீண்டும் தரையில் முழுதாகப் படுத்து, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் திரும்பக் கொண்டுவந்தால் ஒன்று. பழைய வரையறையின் தீராத் தகராறு மேற்கை தரைக்கு இணையாக வந்ததா என்பது. ஓரிரு அங்குலம் குறைத்து வேகமாக எடுப்பவரை மதிப்பீட்டாளர் எளிதில் பிடிக்க முடியாது. கை தரையை விட்டு விரிந்ததா என்பதில் அத்தகைய ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த மாற்றம் நேர்மையை மட்டும் காக்கவில்லை, உடலியலையும் மாற்றியது. கீழே இறங்கும்போது நீளும் தசை, நீண்ட உடனே சுருங்கினால், நீட்சியில் சேர்ந்த மீள்விசையின் உதவியோடு எழும். இதை நீட்சி–சுருக்கச் சுழற்சி என்பர். பழைய தேர்வில் விரைந்து எடுத்தவர்கள் இவ்வுதவியை ஒவ்வொரு முறையும் பெற்றனர். தரையில் படுத்துக் கை விரித்த பின் அந்த மீள்விசை கரைந்துபோகிறது. ஒவ்வொரு தண்டாலும் அசைவற்ற நிலையிலிருந்து, தசை குறைந்த விசையே தரக்கூடிய ஆழத்திலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. கை விரிப்பதற்குத் தோள்பட்டையின் பின்புறத் தசைகளும் உழைக்க வேண்டும். ஒன்றுக்கு ஆகும் நேரமும் கூடுகிறது. 2022-இல் தேர்ச்சிக்கு 10 என நிர்ணயிக்கப்பட்டதைப் பழைய 42-இன் அருகே வைத்துத் தரம் சரிந்தது எனப் பேசுவது ஓரளவே பொருந்தும். தேர்ச்சி எல்லை தாழ்ந்தது உண்மை, ஆனால் அந்த 10-உம் இந்த 42-உம் ஒரே அலகால் எண்ணப்பட்டவை அல்ல.

பயிற்சியும் இதற்கேற்ப நகர வேண்டியதாயிற்று. கீழ்நிலையில் நின்று எழும் பயிற்சி, தரைக்குச் சற்று மேலே சில நொடி அசையாமல் தாங்குதல், படுத்துப் பளுவை மார்பிலிருந்து தள்ளுதல் ஆகியவை பழைய நேரச்சுற்றுகளைவிட நேரடிப் பயன் தருபவை. முதல் நிமிடத்தில் பெரும்பங்கை எடுத்துவிட்டு, இரண்டாம் நிமிடத்தில் மேல்நிலையில் நின்று இளைப்பாறி ஒன்றிரண்டாகச் சேர்ப்பது பழைய தேர்வின் உத்தி. தரையில் படுத்து ஓய்வதற்கு இடந்தராத புதிய தேர்வில், கை விரிப்பையே மூச்சுக்கான தாளமாக்கி முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக எடுப்பது மேலானது.

2025 ஜூன் முதல் நடப்புக்கு வந்த தேர்வு அந்த ஆறனுள் ஒன்றான எறிதலை நீக்கி ஐந்து பகுதிகளாகச் சுருங்கியபோதும் கைவிரிப்புத் தண்டால் அப்படியே தொடர்கிறது. 21 போர்ப்பணிகளுக்கு மட்டும் ஆண், பெண் இருவருக்கும் ஒரே மதிப்பெண் அட்டவணை விதிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் 60-உம் மொத்தத்தில் 350-உம் பெற வேண்டும் என்றாயிற்று. மேலுடல் வலிமையில் ஆண் பெண் சராசரிகளுக்கு இடையே உள்ள தொலைவு கீழுடல் வலிமையில் உள்ளதைவிடப் பெரியது என்பது உடலியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. அதனால் போர்ப்பணியில் உள்ள பெண்கள் பலருக்குத் தண்டால் தாங்குதிறன் தேர்வாக அல்லாமல் வலிமைத் தேர்வாகவே முன்னிற்கும். அவர்களைக் காலைதோறும் அணியில் நிறுத்தித் தண்டால் எண்ணிக்கையை மட்டும் கூட்டச் சொல்லும் பயிற்றுநருக்கு, 1945-இல் படை மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த அந்தக் கட்டுரை இன்னும் பழையதாகிவிடவில்லை.