வதந்தியும் பூட்டும்

1983 ஜூலை 29. கொழும்பு நகரில் ‘புலிகள் வந்துவிட்டார்கள்’ என்றொரு வதந்தி பரவிற்று. அதைப் பரப்பக் கைப்பேசி தேவைப்படவில்லை, வாய்ச்சொல்லே போதுமானதாயிருந்தது. அன்று தமிழர் பலர் கொல்லப்பட்டனர்.

அந்தக் கறுப்பு ஜூலைக்குப் பின்னர் வெள்ளவத்தைக் குடும்பங்கள் பல லண்டன், பாரிஸ், டொரன்டோ எனச் சிதறின. இன்று அவ்வீடுகளில் வாட்ஸ்அப்பும் வைபரும் உறவின் கருவிகள். பேரனின் முகமும் மரண அறிவித்தலும் அவற்றின் வழியே வருகின்றன.

கண்டியிலும் அவை உறவின் கருவிகளே. ஆயினும் 2018 மார்ச்சில், திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, பேஸ்புக்கில் சிங்கள மொழி வெறுப்புரைகள் தடையின்றிப் பரவின. அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. நிறுவனமோ 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கோரிற்று.

2019 ஏப்ரல் 21 அன்று கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்றே மீண்டும் பூட்டு விழுந்தது. ‘உயிரோடிருக்கிறேன்’ என்று கடல் கடந்த பிள்ளைக்குச் சொல்லும் எளிய வழியும் அதனோடு அடைபட்டது.

2022 ஏப்ரல் 3 அன்று அரசு அதே பூட்டை எடுத்தது. இம்முறை அது அடைக்க முனைந்தது வதந்தியை அன்று, பசித்த மக்களின் குரலை. ஆறு நாட்களில் காலி முகத்திடல் மக்களால் நிறைந்தது.

பூட்டு தீர்வாகாது. இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் நம் மொழிகளை அறிந்து பொறுப்பேற்க வேண்டும். நாமும் அயலவர் மொழியைக் கற்க வேண்டும். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத மண்ணிலேயே வதந்தி செழிக்கிறது. ஆசிரியர்களே, அப்பணி நம் வகுப்பறையில் தொடங்கட்டும்.