மிளகும் மிளகாயும்: தொட்டிக்குள் ஒரு வரலாறு



எங்கள் காத்திவாக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு மிளகாய்ச் செடியைப் பார்த்துவிடலாம். உடைந்த பக்கெட், பெயிண்ட் டப்பா, பழைய சாக்கு என்று ஏதோ ஒன்றில் மண்ணைப் போட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்திருப்பார்கள். ஆனால் மிளகுக் கொடி? அதைத் தேடினாலும் கிடைக்காது. மிளகு என்றால் நமக்கு அண்ணாச்சி கடைப் பொட்டலம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டில் நம்ம நாட்டுச் செடி மிளகுதான். மிளகாய் வெளியூர்க்காரன், அதுவும் கடல் தாண்டி வந்தவன். சொந்தக்காரன் கடையில் பொட்டலமாக இருக்க, வந்தவன் எப்படி வாசலில் உட்கார்ந்தான்? வரலாற்றுப் புத்தகத்தில் ராஜாக்களையும் போர்களையும் படிக்கிறோம். இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அந்தப் போர்களுக்கும் காரணம் புரிகிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கறி என்றால் மிளகு

சங்க இலக்கியத்தில் 'கறி' என்ற சொல்லுக்கு மிளகு என்று பொருள். (ஆட்டுக்கறி, கோழிக்கறி எல்லாம் பிறகு வந்த வழக்கு!) மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்தான் மிளகின் தாய்வீடு. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய சரக்குகளில் மிளகு மூட்டையையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கிறது. யவனர்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றில் படிக்கலாம்.

இது வெறும் கவிதை இல்லை. எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, அங்கிருந்த கோயிலில் ஓர் இந்தியப் பானை கிடைத்தது. உள்ளே சுமார் 7.5 கிலோ மிளகு! கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. கி.பி. 408ல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக் என்ற கோத் இனத் தலைவன், விலகிப் போவதற்குக் கேட்ட பொருள்களில் தங்கம், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

ஒரு சின்னக் காய்க்கு இவ்வளவு மதிப்பு ஏன்? அது எல்லா இடத்திலும் விளையாது என்பது ஒரு முக்கியக் காரணம். மிளகுக்கு மலைநாட்டு மழை வேண்டும், மர நிழல் வேண்டும், ஏறிப் படர ஒரு மரம் வேண்டும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை விழும்போது அது பூக்கிறது. அதே ஜூனில் சென்னையில் நாம் அனலில் வெந்துகொண்டிருப்போம். நமக்கு மழை அக்டோபரில்தான். கொடி நட்டாலும் நல்ல காய்ப்புக்கு மூன்று வருடமாவது காத்திருக்க வேண்டும். ஆகவே விளைகிற இடமும் அது வந்து சேரும் துறைமுகமும் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் விலையும் இருந்தது.

பழவேற்காட்டுத் துணியும் ஜாவா மிளகும்

மிளகே விளையாத நம் கரைக்கும் மிளகுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது!

1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகு முதலான வாசனைப் பொருள்களுக்காகத்தான். அதன் பிறகு மலபார் மிளகு வியாபாரத்தைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவரப் போர்ச்சுகீசியர் பாடுபட்டார்கள். அடுத்து வந்த டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஜாவா, சுமத்ரா தீவுகளின் மிளகைத் தேடிப் போனார்கள். அங்கே போனால் ஒரு சிக்கல். அந்தத் தீவுகளில் எல்லோரும் விரும்பிக் கேட்ட சரக்கு இந்தியத் துணி, குறிப்பாகச் சோழமண்டலக் கரைத் துணி.

அதனால்தான் டச்சுக் கம்பெனி 1610ல் பழவேற்காட்டில் கிடங்கு அமைத்தது. 1613ல் ஜெல்டிரியா கோட்டை எழுந்தது. பழவேற்காடு எங்கோ இல்லை, எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே போனால் வருகிற அதே ஊர்தான். 1639ல் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கியதும் துணி வியாபாரத்துக்காகத்தான். ஆரம்ப வருடங்களில் மதராஸ் கோட்டையே ஜாவாவில் இருந்த பாண்டம் என்ற மிளகுச் சந்தை நகரத்து அலுவலகத்தின் கீழ்தான் இருந்தது!

ஆக, நம் ஊர்த் தறியில் நெய்த துணி கப்பலேறி மிளகாக மாறியது. நம் கரையில் கோட்டைகள் எழுந்ததில் மிளகுக்கும் பங்கு உண்டு.

கொலம்பஸ் கண்ட 'மிளகு'

மிளகு நாட்டைத் தேடி 1492ல் மேற்கே கிளம்பிய கொலம்பஸுக்கு மிளகு கிடைக்கவில்லை. கரீபியன் தீவுகளில் மக்கள் சாப்பிட்ட ஒரு காரமான காயைப் பார்த்தார். இது அவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட மேலானது என்ற பொருளில் 1493 ஜனவரியில் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அதுதான் மிளகாய். மெக்சிகோ பகுதி மக்கள் 6,000 வருடங்களுக்கு மேலாக அதைப் பயிரிட்டு வந்தார்கள்.

உண்மையில் இரண்டுக்கும் உறவே கிடையாது. மிளகு வெற்றிலைக் குடும்பம். மிளகாய் கத்தரி, தக்காளிக் குடும்பம். மிளகின் காரம் பைப்பரின், மிளகாயின் காரம் கேப்சைசின். ஆனால் நாக்குக்குத் தாவரவியல் தெரியுமா? ஸ்பானியர் தங்கள் மிளகின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். நாமும் அதையேதான் செய்தோம். மிளகு போல் காரமான காய், அதனால் மிளகாய்!

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பல்களில் மிளகாய் இந்தியா வந்தது. வந்த வேகத்தில் பரவியது. எவ்வளவு வேகம் என்றால், 1542ல் ஜெர்மானியரான லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்ச் செடியின் படத்துக்குக் 'கோழிக்கோட்டு மிளகு' என்று பெயர் போட்டிருந்தார். கொலம்பஸ் பார்த்து 50 வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அது இந்தியச் செடி என்றே ஐரோப்பா நம்பிவிட்டது.

ஏன் மிளகாய் ஜெயித்தது?

காரம் அதிகம் என்பதாலா? அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முக்கியக் காரணம் வீட்டுத் தோட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளினால் பத்து வீட்டுக்கு விதை. மூன்று, மூன்றரை மாதத்தில் காய். மரம் வேண்டாம், மலை வேண்டாம், வெயில் இருந்தால் போதும். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. அவை பழத்தைத் தின்று விதையை ஊரெல்லாம் போட்டுவிடும். இப்படிப்பட்ட செடியை எந்தக் கோட்டைக்குள் பூட்டிவைக்க முடியும்? மிளகுக்காகப் பீரங்கி வைத்துக் காவல் காத்தார்கள். மிளகாய் கேட்பாரில்லாமல் கொல்லைப்புறத்தில் முளைத்துவிட்டது. காரத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்றிருந்த ஏழை வீட்டில் அது சொந்தமாகவே காய்க்க ஆரம்பித்தது. இன்று நம்ம பக்கத்து மீன் குழம்பை மிளகாய் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறதா? 2023ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வந்தவன் முழுசாக ஊர்க்காரன் ஆகிவிட்டான்!

மிளகு முழுக்கத் தோற்றுவிடவும் இல்லை. ஆஞ்சநேயர் வடைமாலை, காஞ்சிபுரம் இட்லி, மிளகு ரசம் எல்லாம் மிளகாய்க்கு முந்தைய சமையலின் மிச்சம். திவசச் சமையலில் மிளகாயை ஒதுக்கி மிளகு மட்டும் சேர்க்கும் வீடுகள் இன்றும் உண்டு. நம் மிளகுத்தண்ணீர்தான் வெள்ளைக்காரர்களின் 'மல்லிகட்டானி' சூப் ஆனது.

இனி மிளகையும் வளர்க்கலாம்

இப்போது இந்தக் கதையில் ஒரு திருப்பம். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூரில் மிளகு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலகின் முதல் கலப்பின மிளகான 'பன்னியூர்-1' அங்கிருந்துதான் 1971ல் வெளிவந்தது. அதோடு 'புதர் மிளகு' என்ற முறையும் இப்போது பரவியிருக்கிறது. மிளகுக் கொடியில் மேலே ஏறும் தண்டு வேறு, காய் பிடிக்கும் பக்கக் கிளை வேறு. பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் அது ஏறாது, குத்துச்செடியாகத் தொட்டியிலேயே நிற்கும். இரண்டாம் வருடமே காய்க்கத் தொடங்கும். மரமும் வேண்டாம், மலையும் வேண்டாம். மிளகாய் அன்று செய்ததை மிளகு இன்று செய்கிறது!

நம்ம ஏரியாவில் வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

மிளகாய்க்கு நல்ல வெயில் வேண்டும், மிளகுக்கு அரை நிழல். கோடையில் மிளகுத் தொட்டியை வீட்டின் கிழக்குப் பக்கம் நகர்த்துங்கள் அல்லது பச்சை வலை கட்டுங்கள்.

கடற்கரை மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. செம்மண், மக்கிய தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு கலந்து நிரப்புங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம். தண்ணீர் தேங்கினால் மிளகுக்கு வாடல் நோய் வரும்.

உப்புத் தண்ணீர் இரண்டுக்குமே ஆகாது. 2003ல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு இதற்கும் உதவும். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

இலை மேல் சாம்பலும் தூசியும் படிந்தால் வாரம் ஒரு முறை கழுவி விடுங்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017ல் மூடப்பட்டாலும் இந்தப் பகுதியில் நிலக்கரியும் சாம்பலும் ஓய்ந்துவிடவில்லை. காயையும் நன்றாகக் கழுவியே சமையுங்கள்.

மிளகாய் இலை சுருண்டால் இலையின் அடிப்புறம் பாருங்கள், இலைப்பேனோ சிலந்திப்பூச்சியோ இருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். கடும் வெயிலில் பூ கொட்டினால் பயப்பட வேண்டாம், சூடு தணிந்ததும் மறுபடி பூக்கும்.

கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து சண்டை போட்டு வாங்கிப் போன சரக்கு இன்று ஒரு பெயிண்ட் டப்பாவில் வளரும் என்றால் சும்மா விடலாமா? மிளகாய்க்குப் பக்கத்தில் ஒரு மிளகுத் தொட்டியும் வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் எப்படி வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.

மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.